துஆ கேட்டுக் கேட்டுக் களைத்துப் போனவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அஸ்ஸலாமு அலைக்கும். எங்கள் தெருவில் சாயங்காலம் அஸர், மஃரிப் தொழுகைகளுக்கு நடுவில் பெண்களுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுக்கிறேன். பாடம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகும் யாராவது ஒருத்தர் ரேஹாலை (குர்ஆன் வைத்து ஓதும் பலகையை) மடிக்காமல் அப்படியே உட்கார்ந்திருப்பார். கேள்வி துஆவை, அதாவது அல்லாஹ்விடம் கையேந்திக் கேட்பதைப் பற்றித்தான் என்று அப்போதே தெரிந்துவிடும். குழந்தை, கல்யாணம், கடன், தேறாத நோய், வெளிநாட்டுக்குப் போய் வருஷக்கணக்கில் திரும்பாத கணவர் என்று விஷயம் மாறும், கேள்வி மட்டும் மாறாது. அவர்களிடம் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

ஏழு வருஷமாகக் கேட்கிறேன். அல்லாஹ் என் துஆவைக் கேட்கிறானா?

கேட்கிறான். குர்ஆனில் "உம்மிடம் கேட்கிறார்கள்" என்று வரும் இடங்களைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். பிறையைப் பற்றிக் கேட்கிறார்கள், மதுவைப் பற்றிக் கேட்கிறார்கள், அநாதைகளைப் பற்றிக் கேட்கிறார்கள், அங்கெல்லாம் உடனே "சொல்வீராக" என்று நபிக்குக் கட்டளை வருகிறது. ஆனால் அல்பகரா அத்தியாயத்தின் 186ஆம் வசனத்தில், "என் அடியார்கள் என்னைப் பற்றி உம்மிடம் கேட்டால்" என்று தொடங்கி, "சொல்வீராக" என்ற வார்த்தையே இல்லாமல், "நான் அருகில்தான் இருக்கிறேன், அழைப்பவர் என்னை அழைக்கும்போது பதில் தருகிறேன்" என்று அல்லாஹ் நேராகவே பேசிவிடுகிறான். யாரிடமும் சொல்லியனுப்பவில்லை. எனக்கு மனசு தளரும்போதெல்லாம் இந்த வசனத்துக்குத்தான் திரும்பிப் போவேன்.

இந்த வசனம் இருக்கும் இடமும் நோன்பைப் பற்றிய வசனங்களுக்கு நடுவில்தான். பசியோடு, தாகத்தோடு, மஃரிப் பாங்குக்காகக் காத்திருப்பவர்களுக்கு நடுவில் அது வந்து உட்கார்ந்திருக்கிறது.

கேட்கிறான் என்றால் ஏன் கொடுக்கவில்லை?

அபூ ஸயீத் அல்குத்ரீ (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் (நபிமொழி) ஒன்று அஹ்மத் என்ற தொகுப்பில் இருக்கிறது. பாவமான காரியத்தையோ, சொந்தத்தை முறிப்பதையோ கேட்காத எந்த முஸ்லிமின் துஆவுக்கும் மூன்றில் ஒன்று உண்டு: கேட்டதே சீக்கிரம் கிடைக்கும், அல்லது மறுமைக்காகச் சேர்த்து வைக்கப்படும், அல்லது அதற்கு ஈடான ஒரு தீங்கு அவரை விட்டுத் தடுக்கப்படும். இதைக் கேட்ட ஸஹாபாக்கள் (நபித்தோழர்கள்) "அப்படியானால் நாங்கள் நிறையக் கேட்போமே!" என்றார்கள். "அல்லாஹ் அதைவிட நிறைய வைத்திருக்கிறான்" என்றார்கள் நபி (ஸல்).

நாம் இந்த மூன்றில் முதலாவதை மட்டும்தான் பதில் என்று கணக்கு வைக்கிறோம். மூன்றாவதை நினைத்துப் பாருங்கள். நடக்காமல் போன விபத்துக்கும் வராமல் போன நோய்க்கும் யார் கையில் சீட்டு இருக்கிறது? நம் வாழ்க்கையில் எது எந்த துஆவுக்காகத் தடுக்கப்பட்டது என்பதை இங்கே இருக்கும்வரை பார்க்க முடியாது. பார்க்க முடியாததால் அது நடக்கவில்லை என்று ஆகிவிடாது.

அவசரப்படக்கூடாது என்கிறார்கள். "யா அல்லாஹ், சீக்கிரம் கொடு" என்று கேட்பது தப்பா?

தப்பே இல்லை. இந்த ஒரு விஷயத்தில் நம் ஆட்கள் நிறையக் குழப்பி வைத்திருக்கிறார்கள். பாவம், எத்தனையோ பேர் "சீக்கிரம்" என்ற வார்த்தையை வாயில் எடுக்கவே பயப்படுகிறார்கள்.

அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் ஹதீஸை முழுசாகப் படித்தால் குழப்பம் தீர்ந்துவிடும். அவசரப்படாத வரைக்கும் அடியாரின் துஆ ஏற்கப்படும் என்று நபி (ஸல்) சொன்னபோது, அவசரம் என்றால் என்ன என்று கேட்கப்பட்டது. "கேட்டேன், கேட்டேன், எனக்குப் பதில் கிடைத்ததாகத் தெரியவில்லை என்று சொல்லிச் சடைந்துபோய், துஆவையே விட்டுவிடுவது" என்று பதில் சொன்னார்கள். முஸ்லிம் என்ற ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. ஆக, அவசரம் என்று அங்கே சொல்லப்பட்டது எழுந்து போய்விடுவதை. சீக்கிரம் வேண்டும் என்று ஏங்குவதை அல்ல. மழையில்லாத காலத்தில் நபி (ஸல்) மழை கேட்ட துஆவிலேயே "தாமதமாக இல்லாமல் உடனே" என்ற சொல் வருகிறது, அபூதாவூத் தொகுப்பில் பார்க்கலாம். அவர்களே அப்படிக் கேட்டிருக்கும்போது நாம் ஏன் தயங்க வேண்டும்?

இன்னொன்றும் சொல்கிறேன், எனக்கு ரொம்பப் பிடித்தது. நபி (ஸல்) மதீனாவுக்கு வந்த பிறகு 16 அல்லது 17 மாதங்கள் ஜெருசலேமில் உள்ள பைத்துல் முகத்தஸை நோக்கித்தான் தொழுதார்கள். கஅபாவை நோக்கித் தொழ வேண்டும் என்று நபிக்கு உள்ளுக்குள் ஆசை. வானத்தைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த ஆசை நிறைவேறிய வசனம் (2:144) எப்படித் தொடங்குகிறது தெரியுமா? "உம் முகம் வானத்தின் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்ப்பதை நாம் காண்கிறோம்." கிப்லாவை (தொழும் திசையை) மாற்றும் கட்டளை அதற்கு அப்புறம்தான் வருகிறது. முதலில், பார்த்துக்கொண்டுதான் இருந்தேன் என்பது. அத்தனை மாதமும் ஒரு பார்வைகூட வீணாகப் போகவில்லை.

நபிமார்களுக்கெல்லாம் கேட்டவுடன் கிடைத்ததே?

சிலருக்கு. ஸகரிய்யா (அலை) பிள்ளை கேட்டபோது எலும்பெல்லாம் தளர்ந்து தலை நரைத்துவிட்டது. "என் இறைவா, உன்னிடம் கேட்டு நான் பாக்கியம் இழந்தவனாக ஒருபோதும் இருந்ததில்லை" என்று அந்த நரைத்த தலையோடு சொல்கிறார் (19:4). அப்புறம் பிள்ளை வரப்போகிறது என்ற செய்தி வந்ததும், "நான் கிழவன், மனைவியோ பிள்ளை பெறாதவள், எப்படி நடக்கும்?" என்று அவரே கேட்கிறார். கேட்டவருக்கே ஆச்சரியம்!

மூஸாவும் ஹாரூனும் (அலை) எகிப்து மன்னன் ஃபிர்அவ்னுக்கு எதிராகக் கேட்டபோது "உங்கள் இருவரின் துஆ ஏற்கப்பட்டுவிட்டது, உறுதியாக நில்லுங்கள்" என்று உடனே பதில் வந்துவிட்டது (10:89). ஆனால் அவன் மூழ்கியதற்கும் அந்தப் பதிலுக்கும் இடையில் 40 ஆண்டுகள் என்று முஃபஸ்ஸிர்கள் (குர்ஆன் விரிவுரையாளர்கள்) சிலர் சொல்லியிருக்கிறார்கள். ஏற்கப்படுவது ஒரு நாள், கண்ணால் காண்பது இன்னொரு நாள். நடுவில் என்ன செய்யவேண்டும் என்பதுதான் அந்த "உறுதியாக நில்லுங்கள்".

"இல்லை" என்றும் பதில் வருமா?

வரும். இதை மறைத்துப் பேசுவது நியாயம் இல்லை.

பனூ முஆவியா பள்ளிவாசலில் நபி (ஸல்) இரண்டு ரக்அத் தொழுதுவிட்டு நீண்ட நேரம் துஆ கேட்டார்கள். திரும்பி வந்து சொன்னார்கள்: என் இறைவனிடம் மூன்று கேட்டேன், இரண்டைக் கொடுத்தான், ஒன்றைத் தடுத்துவிட்டான். என் சமுதாயத்தைப் பஞ்சத்தால் அழிக்காதே என்றது கிடைத்தது, வெள்ளத்தில் மூழ்கடிக்காதே என்றது கிடைத்தது, தங்களுக்குள்ளேயே சண்டையிடவிடாதே என்றது கிடைக்கவில்லை. அல்லாஹ்வின் ஹபீபுக்கே, அவன் நேசருக்கே ஒன்று தடுக்கப்பட்டது. அதனால் அன்பு குறைந்துவிட்டது என்று யாராவது சொல்ல முடியுமா?

என் அத்தாவுக்கு (அப்பாவுக்கு) பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. உட்கார்ந்தபடியே தொழுவார். தொழுகை முடிந்து ஸலாம் கொடுத்த பிறகு இடது கையால் வலது கையைத் தூக்கி மடியில் மல்லாத்தி வைப்பார், அது நழுவும், திரும்பவும் எடுத்து வைப்பார், அப்புறம் அதன் பக்கத்தில் இடது கையையும் விரித்து வைத்துக்கொண்டு வாயை அசைப்பார். சத்தம் வராது. சுபுஹுத் தொழுகைக்குப் பிறகு தெருவுக்கே கேட்கிற மாதிரி யாஸீன் அத்தியாயம் ஓதுகிற மனுஷன் அவர். இரண்டு வருஷத்துக்கு மேல் தஹஜ்ஜுதில் (பின்னிரவுத் தொழுகையில்) நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான், ஒரு தடவையாவது என் பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று. கூப்பிடாமலேயே இறந்துபோனார்.

அதன் பிறகு மூன்று மாதம் தொழுதேன், ஆனால் ஸலாம் கொடுத்ததும் எழுந்துவிடுவேன். கையேந்த மனசு வராது. ஒருநாள் பாயைச் சுருட்டும்போது அந்த நழுவிய கை ஞாபகம் வந்தது. பதில் கிடைக்காத துஆவுக்காக அந்தக் கையை எத்தனை தடவை எடுத்து எடுத்து வைத்தார்! அன்றைக்குத் திரும்ப உட்கார்ந்தேன்.

என் பாவம்தான் காரணமா? சொந்தக்காரர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள்.

நீண்ட பயணத்தில் தலைவிரி கோலமாக, புழுதி படிந்து, "யா ரப்பே, யா ரப்பே" என்று கையை உயர்த்தும் ஒருவரைப் பற்றி நபி (ஸல்) சொன்னார்கள்: அவர் உணவு ஹராம் (தடுக்கப்பட்டது), குடிப்பு ஹராம், உடை ஹராம், அவருக்கு எப்படிப் பதில் கிடைக்கும் என்று. அதனால் வட்டிக் காசு, அடுத்தவர் பங்கு, நம்பி ஒப்படைத்ததை அமுக்கி வைத்த அமானிதம் ஏதாவது வீட்டுக்குள் வருகிறதா என்று நாமே நம்மைச் சோதித்துக்கொள்வது அவசியம். தவ்பா செய்யுங்கள் (பாவமன்னிப்புக் கேளுங்கள்), திருப்பிக் கொடுக்க வேண்டியதைக் கொடுங்கள்.

ஆனால் இந்த ஹதீஸ் நம்மை நாமே பார்த்துக்கொள்ளும் கண்ணாடி. பிள்ளையில்லாத மருமகளைப் பார்த்து "என்ன பாவம் செய்தாளோ" என்று அடிக்கிற தடி அல்ல. நோயில் துன்பப்பட்ட அய்யூப் (அலை) என்ன பாவம் செய்தார்? வஹீ (இறைச்செய்தி) சில நாள் வராமல் நின்றபோது ஒரு பெண் நபியிடமே வந்து "உம் ஷைத்தான் உம்மை விட்டுப் போய்விட்டான் போலிருக்கிறது" என்று குத்தினாள். அப்போது இறங்கியதுதான் வள்ளுஹா அத்தியாயம்: "உம் இறைவன் உம்மைக் கைவிடவும் இல்லை, வெறுக்கவும் இல்லை." யாராவது உங்களை அப்படிக் குத்தினால் அன்றைய தொழுகையில் இந்த அத்தியாயத்தை ஓதுங்கள்.

அழுது புலம்பினால் ஸப்ர் (பொறுமை) போய்விடுமா?

போகாது. யஅகூப் (அலை), தொலைந்துபோன மகன் யூஸுஃபுக்காக அழுது அழுது கண் வெளுத்துப் போனவர். பிள்ளைகளே "இப்படியே யூஸுஃபை நினைத்துச் சாகப்போகிறீர்கள்" என்று அலுத்துக்கொண்டார்கள். அவர் சொன்ன பதில்: "என் துயரத்தையும் கவலையையும் அல்லாஹ்விடம்தான் முறையிடுகிறேன்" (12:86). அல்லாஹ்வைப் பற்றி ஊரிடம் முறையிடுவது வேறு, அல்லாஹ்விடமே முறையிடுவது வேறு. இரண்டாவதற்குப் பேர்தான் துஆ. அதே மூச்சில், போய் யூஸுஃபைத் தேடுங்கள், அல்லாஹ்வின் ரஹ்மத்தில் (அருளில்) நம்பிக்கை இழக்காதீர்கள் என்று பிள்ளைகளை அனுப்பவும் செய்கிறார். கண்ணும் அழுதது, காலும் நிற்கவில்லை.

எந்த நேரத்தில் கேட்டால் கபூலாகும் (ஏற்கப்படும்)?

இரவின் கடைசி மூன்றில் ஒரு பங்கு, தொழுகையில் நெற்றியைத் தரையில் வைக்கும் ஸஜ்தா, பாங்குக்கும் தொழுகை தொடங்கச் சொல்லும் இகாமத்துக்கும் நடுவில், ஜும்ஆ (வெள்ளிக்கிழமை) நாளில் இருக்கும் அந்த ஒரு நேரம், நோன்பு, பயணம். முதலில் அல்லாஹ்வைப் புகழ்ந்து, நபிக்கு ஸலவாத்து (வாழ்த்து) ஓதிவிட்டு, பிறகு கேளுங்கள். ஆனால் நேரம் பார்த்துக்கொண்டு மற்ற நேரத்தில் வாயை மூடிக்கொள்ள வேண்டாம். அடுப்படியில் நின்றுகொண்டு கேட்டாலும் அவன் கேட்கிறான்.

இதை 41 நாள், இத்தனை ஆயிரம் தடவை ஓதினால் கட்டாயம் நடக்கும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?

தயவுசெய்து அனுப்பாதீர்கள். ஆதாரமில்லாத எண்ணிக்கையைச் சொல்லி உத்தரவாதம் கொடுக்கிறவர்கள், 42ஆம் நாள் அந்தப் பெண்ணுக்கு என்ன ஆகிறது என்று வந்து பார்ப்பதில்லை. நான் பார்த்திருக்கிறேன். "நான் எண்ணிக்கையில் பிசகிவிட்டேனோ" என்று முதல் நாளிலிருந்து திரும்ப ஆரம்பித்தாள் ஒருத்தி, மூன்று தடவை. காசு வாங்கிக்கொண்டு தகடு எழுதித் தருகிறவர்கள் பக்கமும் போகவேண்டாம். யூனுஸ் (அலை) மீனின் வயிற்றிலிருந்து சொன்ன "லா இலாஹ இல்லா அன்த ஸுப்ஹானக இன்னீ குன்து மினழ் ழாலிமீன்" (உன்னைத் தவிர இறைவன் இல்லை, நீ தூயவன், நான்தான் அநியாயம் செய்தவர்களில் ஒருவனாகிவிட்டேன்) இருக்கிறது, குர்ஆனிலேயே இருக்கிறது, மனசு ஒப்பி எத்தனை தடவை வேண்டுமானாலும் ஓதுங்கள்.

எனக்குப் பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் கிடைத்துவிட்டது. அகீகா வீட்டுக்கு (பிள்ளை பிறந்த வீட்டு விருந்துக்கு) போகவே மனசு வரவில்லை.

வலிக்கத்தான் செய்யும். அந்த வலியைப் பொறாமை என்று சொல்லி உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம். ஒன்று செய்து பாருங்கள். அந்தத் தோழிக்குத் தெரியாமல், அவள் பிள்ளைக்காக துஆ கேளுங்கள். ஒரு முஸ்லிம் இன்னொருவருக்காக மறைவில் கேட்டால், பக்கத்தில் நியமிக்கப்பட்ட வானவர் "ஆமீன், உனக்கும் அதுபோலவே" என்பார் என்று முஸ்லிம் தொகுப்பில் வருகிறது. முதல் இரண்டு நாள் தொண்டை அடைக்கும். அடைத்தாலும் கேளுங்கள்.

ஒரே விஷயத்தைக் கேட்பதை நிறுத்தினால், துஆவை விட்டதாக ஆகிவிடுமா? எனக்கு வயது 47.

இல்லை. பொருளை விடுவது வேறு, வாசலை விடுவது வேறு.

வலிப்பு நோய் இருந்த ஒரு கறுப்பினப் பெண் நபியிடம் வந்து, எனக்கு துஆ செய்யுங்கள் என்றார். "விரும்பினால் பொறுத்துக்கொள், உனக்குச் சொர்க்கம் உண்டு, விரும்பினால் குணமாக துஆ செய்கிறேன்" என்றார்கள். அவர் "பொறுத்துக்கொள்கிறேன்" என்றார். அதோடு கிளம்பவில்லை. "வலிப்பு வரும்போது என் உடை விலகிவிடுகிறது, அது விலகாமல் இருக்க துஆ செய்யுங்கள்" என்றார். செய்தார்கள். புகாரி என்ற ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. குணம் கேட்க வந்தவர், வேறொன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அவரைச் சொர்க்கத்துப் பெண் என்று இப்னு அப்பாஸ் (ரலி) சுட்டிக்காட்டுவார்கள்.

உம்மு ஸலமா (ரலி) கணவர் இறந்தபோது, "இந்தத் துன்பத்துக்கு எனக்குக் கூலி கொடு, இதைவிடச் சிறந்ததைப் பதிலாகக் கொடு" என்று நபி கற்றுக்கொடுத்த துஆவை ஓதினார். ஓதும்போதே "அபூஸலமாவைவிடச் சிறந்தவர் யார் இருக்கிறார்?" என்று மனசு கேட்டது. கேட்டாலும் ஓதினார். பிறகு நபி (ஸல்) அவர்களே அவரை மணந்துகொண்டார்கள். பதில் எப்படி வரும் என்று நம்மால் கற்பனை செய்ய முடியாவிட்டாலும் கேட்கலாம்.

நானும் அத்தாவின் குரலுக்காக துஆ கேட்பதை நிறுத்திவிட்டேன். இப்போது அவருடைய கப்ரு (அடக்கக் குழி) விசாலமாக வேண்டும் என்று கேட்கிறேன்.

துஆ கேட்டுக்கொண்டே மருத்துவரிடம் போனால் தவக்குல் (அல்லாஹ்வைச் சார்ந்திருப்பது) குறைவா?

கிடையாது. "அல்லாஹ்வின் அடியார்களே, மருத்துவம் செய்துகொள்ளுங்கள்" என்பது நபிமொழி. மனச்சோர்வுக்கும் இது பொருந்தும். தூக்கமில்லாமல், செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால், ஈமான் (இறைநம்பிக்கை) குறைவு என்று வெட்கப்பட்டு வீட்டுக்குள் உட்காராதீர்கள். பிரசவ வலியில் ஈஸா நபியின் தாய் மர்யம் (அலை) "இதற்கு முன்பே நான் இறந்திருக்கக் கூடாதா" என்றார்கள். நம்பிக்கையான ஒருவரிடம் இன்றைக்கே சொல்லுங்கள், மருத்துவரைப் பாருங்கள்.

வாயைத் திறந்தால் அழுகைதான் வருகிறது. என்ன கேட்பது?

மூஸா (அலை) எகிப்திலிருந்து உயிருக்குத் தப்பி மத்யனுக்கு வந்து சேர்ந்தபோது வீடு இல்லை, வேலை இல்லை, தெரிந்த முகம் இல்லை. கிணற்றடியில் நின்ற இரண்டு பெண்களின் ஆடுகளுக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுத்துவிட்டு நிழலில் ஒதுங்கி, "ரப்பி இன்னீ லிமா அன்ஸல்த இலய்ய மின் கைரின் ஃபகீர்" என்றார். இறைவா, நீ எனக்கு எந்த நன்மையை இறக்கினாலும் அதற்குத் தேவையுள்ளவனாக இருக்கிறேன். இன்னது வேண்டும் என்று பட்டியல் போடவில்லை. அடுத்த வசனத்திலேயே அந்தப் பெண்களில் ஒருவர் வெட்கத்தோடு நடந்து வருகிறார், அப்பா கூப்பிடுகிறார் என்று.

அதுகூட வரவில்லையா, ஸஜ்தாவில் நெற்றியை வைத்து "யா ரப்பே" என்று மட்டும் சொல்லுங்கள். போன வாரம் இங்கே ஒருத்தி அப்படித்தான் கிடந்தாள், மஃரிப் பாங்கு சொல்லும் வரைக்கும். எழுந்தபோது பாயின் கோரைத் தடம் நெற்றியில் வரிவரியாகப் பதிந்திருந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரம் வரட்டுமா என்று கேட்டாள்.